மாமா போட்ட பெருக்கல் குறி

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பெங்களூரில் எங்கள் அலுவலகத்தில் எல்லோருடைய மடிக்கணினியிலும் புது விண்டோஸ் ஏறியிருந்தது. இத்தனை வருடமாக இடது ஓரத்தில் இருந்த ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு நகர்ந்துவிட்டது. அவ்வளவுதான். அதற்கே சம்பளம் அதிகம் வாங்குகிற பெரிய ஆட்களெல்லாம் இழவு வீட்டுக்கு வந்தவர்கள் போல நின்றுகொண்டு, போன பத்தாம் எண் எவ்வளவு தங்கமானது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்து நாற்காலிக்காரர், இந்த விண்டோஸ் எப்போதும் ஒன்று விட்டு ஒன்றுதான் நன்றாக வரும் என்றார். ஏதோ அவரே உட்கார்ந்து கண்டுபிடித்ததைப் போன்ற முகம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சித்தாந்தத்தை, நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையிலேயே, பொம்மிடியில் ரயிலடிக்குப் போகிற சாலையில் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி மாட்டியாகிவிட்டது. எழுதியவர் என் மாமா. அந்தப் பலகையில் பெருக்கல் குறி வாங்கியவர்களில் நானும் ஒருத்தி.

மாமா என் அம்மாவுக்கு நேர் இளையவர். அம்மா மூத்தவர், அடுத்து மாமா, கடைசி சின்ன மாமா. சின்ன மாமா இன்ஜினியரிங் படித்து அப்போதே பெங்களூருக்குப் போய்விட்டார். அவருடைய அலுவலகத்தில் கழித்துக்கட்டிய நான்கு கம்ப்யூட்டர்களை ஒரு டெம்போவில் ஏற்றி அனுப்பியிருந்தார். அவற்றை வைத்துத்தான் மாமாவின் கம்ப்யூட்டர் சென்டர் நடந்தது. காலையில் பட்டா, வருமானச் சான்று, ரேஷன் கார்டு என்று கூட்டம் வரும். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட வருகிறவர்கள் தனிக் கூட்டம். மாமா விண்ணப்பம் தட்டிவிட்டால் தேறிவிடலாம் என்று அவருடைய கைராசிக்கு ஒரு பெயர் உண்டு. பென்னாகரத்திலிருந்துகூடப் பையன்கள் பஸ் மாறி வருவார்கள். தேறியதும் ஒரு பாக்கெட் இனிப்போடு வந்து காலில் விழப் போவார்கள், மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வார்.

மதியத்துக்கு மேல் சென்டர் பொடிப் பையன்களுடையது. மூன்றாம் நம்பர் மெஷினில் லாரி விளையாட்டு இருந்தது. அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ நீளமான பெயர். எங்களுக்கு அது லாரி. சரக்கை ஏற்றிக்கொண்டு மலையும் காடும் தாண்டி ஊர் போய்ச் சேர வேண்டும். அதுவும் விண்டோஸ் மாதிரியே சில வருடத்துக்கு ஒரு பாகமாக வந்துகொண்டே இருந்தது. மாமாவின் மூளையில் விளக்கு எரிந்தது அங்கேதான்.

கலர் பிரிண்ட், லேமினேஷன் விலைகள் எழுதியிருந்த பலகையில் பாதியை அழித்துவிட்டு, இரண்டு வரிசை போட்டார். இந்தப் பக்கம் விண்டோஸ், அந்தப் பக்கம் லாரி. தொண்ணூற்றெட்டு நல்லது, லாரியில் முதல் பாகம் நல்லது. இரண்டாயிரத்தில் வந்த ஒன்று மோசம், லாரியில் இரண்டாம் பாகம் மோசம். எக்ஸ்பி நல்லது, மூன்றாம் பாகம் நல்லது. விஸ்டா மோசம், நாலாம் பாகம் மோசம். ஏழு நல்லது, ஐந்தாம் பாகம் நல்லது. எட்டும் ஆறாம் பாகமும் மோசம். நல்லதுக்கெல்லாம் ஒரு டிக், மோசத்துக்கெல்லாம் ஒரு பெருக்கல் குறி. லாரியின் இரண்டாம் பாகம் கீறல் விழுந்த சிடி. அதை ஒருவரும் திறந்து பார்த்ததே இல்லை. ஆறாம் பாகம் இன்னும் வெளியாகவே இல்லை. இரண்டுக்கும் மாமா எந்தத் தயக்கமும் இல்லாமல் பெருக்கல் போட்டிருந்தார்.

கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் நடந்தது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வந்த பெரியவர், கார்டு வருமா வராதா என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு போனார். போகப் போக விண்டோஸும் லாரியும் மாமாவுக்குப் போதவில்லை. எதிர்க் கடையில் முதல் டீ நன்றாக இருக்கும், இரண்டாவது டீ கழுநீர். எட்டு மணி டவுன் பஸ் வரும், அடுத்தது வராது. உலகமே ஒன்று விட்டு ஒன்று என்கிற அடிப்படையில் ஓடுவதாக அவர் நிரூபித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் முதல் மெஷினில் விண்டோஸின் எட்டாம் எண்ணை ஏற்றினார். ஏற்றிய பிறகு ஸ்டார்ட் பொத்தானைக் காணவில்லை. திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். அரைநாள் தேடினார். கடைசி வரை மெஷினை எப்படி அணைப்பது என்று தெரியாமல் மாலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போனார். மற்றவராக இருந்தால் நொந்துபோயிருப்பார். மாமாவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். தொழில் படுத்தாலும் சித்தாந்தம் ஜெயித்துவிட்டதல்லவா. பலகையில் எட்டுக்கு நேரே இருந்த பெருக்கல் குறியின் மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதினார்.

இந்தச் சமயம் பார்த்து அம்மா என்னை அங்கே அனுப்பினார். தர்மபுரியில் அக்கா படிக்கிற பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு. இணையத்தில் படிவத்தை எடுத்து, அச்சடித்து, பத்து நாளுக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். அக்கா அந்தப் பள்ளியில் முதல் மாணவி. என் தம்பி அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாலும், அவனும் ஒரு மேதை என்று வீட்டில் முடிவாகியிருந்தது. நான் நடுவில் இருந்தேன். அக்காவுக்குச் சிறுத்துப்போன பாவாடை எனக்கு வரும். அக்கா பாதி எழுதிவிட்டு வைத்த நோட்டின் மீதிப் பக்கங்கள் எனக்கு வரும். அந்தப் பள்ளியாவது எனக்கென்று முழுசாகக் கிடைக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"மாமா, அம்மா ஃபார்ம் எடுத்துத் தரச் சொன்னாங்க."

மாமா பலகையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அதுதான் வினை.

"உங்கக்கா பாஸ். உன் தம்பியும் பாஸாயிருவான். நீ ரெண்டாவது ரிலீஸ் கண்ணு. உனுக்கு என்னா அவசரம்?"

சொல்லிவிட்டுப் பலகையின் அடியில் 'அக்கா பிள்ளைகள்' என்று தலைப்புப் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி, டிக், பெருக்கல், டிக் போட்டார். நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கடையின் பின்னால் போய், ஜெராக்ஸ் காகிதம் வந்த அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

மறுநாள் கேட்டேன், ஆகட்டும் என்றார். அதற்கு மறுநாளும் ஆகட்டும். எனக்குச் சந்தேகமே இல்லை. சித்தாந்தப்படி நான் தேற மாட்டேன், தேறாத ஆளுக்கு எதற்கு ஒரு காகிதத்தை வீணாக்குவது என்று மாமா முடிவு செய்துவிட்டார். அம்மாவிடம் சொல்லவும் பயம். பலகையை வந்து பார்த்து அம்மாவும் ஒப்புக்கொண்டுவிட்டால் என்ன செய்வது?

மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. பலகையில் உள்ள பெருக்கல்களில் ஒன்று பொய் என்றாகிவிட்டால், மற்றதையும் நம்ப முடியாது. விண்டோஸை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாம் பாகம் திறக்காது, ஆறாம் பாகம் வரவில்லை. மிஞ்சியது லாரியின் நாலாம் பாகம்.

நாலாம் பாகம் மோசம் என்பதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. மலை ஏறுவது வரை ஒரு குறையும் இருக்காது. இறக்கத்தில் மூன்றாவது வளைவில் லாரி பள்ளத்தில் விழும். யார் ஓட்டினாலும் விழும். அதனால் அந்த விளையாட்டே கோளாறு என்று பையன்கள் அதைத் தொடுவதில்லை.

"நான் நாலாம் பாகத்த முடிச்சிட்டா என்னா மாமா செய்வ?"

"முடிச்சிட்டன்னா பலகைய அழிச்சிடறேன்."

"என் ஃபார்மு?"

"அதும்தான்."

அன்றைக்கே மூன்றாம் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். அன்று முழுக்க விழுந்தேன். மறுநாள் பாதி வரை விழுந்தேன். அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. ஆட்டம் தொடங்கும் முன் திரை நிறைய ஆங்கிலத்தில் என்னவோ வரும். அதை ஒருவரும் படித்ததில்லை. எழுத்து வந்ததும் எண்டரைத் தட்டுவதுதான் பொம்மிடியில் வழக்கம். வங்கிக்காரர்கள் நீட்டுகிற காகிதத்தில்கூட எங்கள் ஆட்கள் அப்படித்தான் கையெழுத்துப் போடுவார்கள்.

அந்த ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு அக்காவிடம் போனேன். ஒரு வாரம் அவள் முறைக்கும் சேர்த்துப் பாத்திரம் தேய்ப்பதாக ஒப்பந்தம். அவள் படித்துவிட்டு, இந்தப் பாகத்தில் கியரை நாமேதான் மாற்ற வேண்டும், 'ஏ' தட்டினால் கூடும், 'இசட்' தட்டினால் குறையும், இறக்கத்தில் பிரேக்கை நம்பாதே என்று போட்டிருக்கிறது என்றாள். நாங்கள் ஓட்டிய மற்ற பாகங்களில் கியர் தானாக விழும். நாலாவதும் அப்படித்தான் என்று நினைத்துத்தான் ஊரே பள்ளத்தில் விழுந்திருக்கிறது.

கியர் தெரிந்த பிறகும் விழுந்தேன். ஆனால் இப்போது ஐந்தாவது கியரில், இன்னும் வேகமாக விழுந்தேன்.

அன்று மதியம் ஒரு லாரி டிரைவர் வந்தார். ரயிலடிக்குச் சரக்கு ஏற்ற வருகிறவர், ஏதோ வண்டிக் காகிதம் பிரிண்ட் எடுக்க வேண்டுமாம். மாமா, மை தீர்ந்துபோச்சுங்க, சேலத்திலேர்ந்து வரணும் என்றார். அந்த வாரம் எல்லோருக்கும் அதே பதில்தான். டிரைவர் திரும்பிப் போக இருந்தவர், என் திரையைப் பார்த்துவிட்டு நின்றார். நான் மலை உச்சியிலிருந்து கிளம்பி, கம்பீரமாகப் பள்ளத்தில் போய் விழுந்தேன்.

"ஏன் பாப்பா, மேல ஏறுனது எந்த கியர்ல?"

"ரெண்டுலங்க."

"அப்ப எறங்கறதும் ரெண்டுலதான். அஞ்சுல எறங்கறியே, யாரு குடுத்தா உனுக்கு லைசென்சு?"

பையன்கள் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது விளையாட்டாகவே தெரியவில்லை.

"தொப்பூர் கணவாயில பாத்திருக்கியா? ஏறுன கியர்லயே எறக்குனவன் வூட்டுக்குப் போயி சோறு துன்னுவான். பிரேக்க நம்புனவன் இன்னும் கீழதான் கெடக்கறான்."

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் மறுபடி மலை ஏறினேன். உச்சியில் கியரைத் தொடவில்லை. லாரி இறங்க ஆரம்பித்தது. அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வேகம். முதல் வளைவைத் தாண்டவே ஐந்து நிமிடம் ஆனது. பையன்களில் ஒருவன் கொட்டாவி விட்டான், இன்னொருவன் மாட்டுவண்டி மாட்டுவண்டி என்று கத்தினான். டிரைவர் மட்டும் ஒவ்வொரு வளைவுக்கும் ஸ்டூலோடு சேர்ந்து சாய்ந்தார். வலது காலால் சிமெண்ட் தரையை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது வளைவு வந்தது, போனது. கம்ப்யூட்டர் ஜாதகம் கேட்டு வந்த பெண்மணி ஒருவரும் மகளின் ராசியை மறந்துவிட்டு எட்டிப் பார்த்தார். எனக்குக் கை வேர்த்து விசைகள் வழுக்கின. ஏழாவது வளைவில் எப்போதோ மாமா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தாவது வளைவில் நான் பதற்றத்தில் கியரை ஏற்றப் போனபோது, வேண்டாம், அப்படியே வுடு என்று ஒரு குரல் மெல்லச் சொன்னது. டிரைவர்தான் என்று நினைத்தேன். குரல் மாமாவுடையது.

முக்கால் மணி நேரம் கழித்து லாரி சமவெளிக்கு வந்து சேர்ந்தது. அங்கே ஒரு ஆறு. கரையில் ஒரு டீக்கடை. லாரி தானாக நின்றது. கதவு திறந்து திரைக்குள் இருந்த டிரைவர் கீழே இறங்கி, சோம்பல் முறித்து, ஒரு டீ வாங்கிக் குடித்தார். வேறு எந்தப் பாகத்திலும் அந்த ஆள் லாரியை விட்டு இறங்கியதே இல்லை. சரக்கை இறக்கியதும் அடுத்த சரக்குக்கு ஓட வேண்டும். நாலாம் பாகத்தில் மட்டும்தான் அவர் முகத்தையே பார்த்தோம். ஸ்டூலில் இருந்த டிரைவர் பெருமூச்சு விட்டு, "இதுதாங்க வண்டி ஓட்டறது" என்று மாமாவிடம் சொன்னார்.

மாமா பேச்சு மாறவில்லை. துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தார். ஒன்றும் அழியவில்லை. தண்ணீர் தொட்டுத் துடைத்தார். அப்போதும் இல்லை. அவர் எழுதியது பலகையில் எழுதுகிற பேனாவால் அல்ல, பார்சல் மேல் விலாசம் எழுதுகிற அழியாத மார்க்கரால் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவ்வளவு நம்பிக்கை அவருக்குச் சித்தாந்தத்தின் மேல். டிரைவர் தன் வண்டிக்குப் போய் டீசலில் நனைத்த துணி ஒன்றைக் கொண்டுவந்தார். அதால் தேய்த்த பிறகு எக்ஸ்பி, விஸ்டா, ஏழு, எட்டு எல்லாம் கரைந்து வழிந்தன. கடைசியாக என் பெருக்கல் குறியை மாமா கொஞ்சம் அதிக நேரம் தேய்த்தார். சென்டரில் ஒரு வாரத்துக்கு டீசல் வாடை அடித்தது.

"இப்ப என் ஃபார்ம் குடு."

மாமா தலையைச் சொறிந்தார். "நீ அந்த மெஷின வுட்டு எந்திரிச்சாத்தானே கண்ணு குடுக்க முடியும்."

விஷயம் இதுதான். எட்டாம் எண்ணை ஏற்றிய நாளிலிருந்து முதல் மெஷின் பிரிண்டரோடு பேசுவதை நிறுத்திவிட்டது. மற்ற இரண்டில் ஒன்றுக்குத் திரை போயிருந்தது. இன்னொன்றில் பிரிண்டர் கேபிள் செருகும் இடத்தில் பையன்கள் சூயிங்கம் அடைத்திருந்தார்கள். மிஞ்சியது மூன்றாம் மெஷின். கேபிளை அதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மாமாவுக்குத் தோன்றவே மூன்று நாள் ஆகியிருக்கிறது. அதில்தான் நான் இரண்டு நாளாக லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். மை தீரவே இல்லை. சித்தாந்தத்தின் மேல் பழி போட்டு நான் போராடிய அந்த இரண்டு நாளும் என் படிவத்துக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தவள் நானேதான்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன். மாமா கேபிளை மாற்றினார். டிரைவருடைய காகிதம் முதலில் வந்தது. அடுத்து என் படிவம், சூடாக. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் மாமாவே அந்த மெஷினில் உட்கார்ந்து என்னவோ தட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு காகிதம் வந்தது. அதன் மூலையில் மாமாவின் பாஸ்போர்ட் படம் இருந்தது.

"இது யாருக்கு மாமா?"

"பிரிண்டர் சரியா வருதான்னு பாக்கறேன்" என்று சொல்லி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் நம்பினேன். சோதித்துப் பார்ப்பதற்குத் தன் படத்தையேவா போடுவது, இந்த மனுஷனுக்கு எவ்வளவு ஆசை என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நாலாம் பாகத்தைத் திறந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாசலில் இரண்டு பேர் காத்திருக்க, மலை ஏறி, இரண்டாவது கியரில் இறங்க ஆரம்பித்தார். கீழே வந்து சேர்ந்து, டீ குடிப்பதைப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நான் ஏதாவது ஏமாற்றினேனா என்று சரிபார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தோற்றதைத் தாங்க முடியாத ஆள் என்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன்.

நான் அந்தப் பள்ளியில் சேர்ந்தேன். முதல் மாணவியாக வரவில்லை, கடைசியும் இல்லை, நாற்பது பேரில் நடுவில் எங்கோ வந்தேன். மாமா அந்த வருட அரசுத் தேர்வில் தேறவில்லை. அடுத்த தடவை எழுதித் தேறினார். இப்போது பென்னாகரத்தில் தாலுகா ஆபீசில் இருக்கிறார். தேறியது இரண்டாவது தடவையில் என்பதை நான்தான் போன் போட்டு ஞாபகப்படுத்தினேன். அவர் சிரித்து மழுப்பிவிட்டார்.

அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. முன்பு விஸ்டா சென்டரில் திணறி மோசம் என்று பெயர் வாங்கியதற்குப் பாதிக் காரணம் அந்த மெஷின்கள். சின்ன மாமா கழித்துக்கட்டி அனுப்பியவை. அவற்றில் அவ்வளவு பெரியதை ஏற்ற இடமே கிடையாது. ஊருக்கெல்லாம் விண்ணப்பம் தட்டிய மாமா அதுவரை தனக்கென்று ஒன்றைத் தட்டியதில்லை என்பதையும் அம்மா சொல்லித்தான் பிற்பாடு அறிந்தேன். இரண்டு நாள் வியாபாரத்தை நிறுத்திவிட்டு, நான் மூன்றாம் மெஷினை விட்டு எழாமல் அவர் பார்த்துக்கொண்டது ஏன் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பத்து வயதில் நான் எல்லாவற்றையும் எண்ணினேன். விண்டோஸை எண்ணினேன், லாரியை எண்ணினேன், அக்கா, நான், தம்பி என்று எங்களை எண்ணி எண்ணி அழுதேன். அம்மா, மாமா, சின்ன மாமா என்று எண்ண மூன்று விரல் போதும். நடுவிரல் யார் மேல் வந்து நிற்கும் என்று பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.